காற்றடிக்கும் நாள் கூரை வேயும் நாள் இல்லை

(நமது சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக இந்தக் காலாண்டு மடலில் வெளியிடப்படுகிறது.)



"அயர்லாந்துக்குப் போய் வந்தீர்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்களேன்" என்று நம் செயலாளர் கேட்டார். படங்களையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே நம் வாட்ஸ்அப் குழுவில் பார்த்துவிட்டீர்கள். பச்சைப் புல், ஆடு, மழை, மறுபடியும் பச்சைப் புல். அதையே இங்கே நின்று விவரித்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதனால் அந்த ஊர்ப் பழமொழிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். முடிவில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. டீ வந்ததும் எழுந்துவிடாதீர்கள்.

என் மகள் அயர்லாந்தின் மேற்குப் பக்கம், கால்வே மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கிறாள். 2025 ஜனவரியில் நான் அங்கே இருந்தேன். பக்கத்து வீடு என்றால் நடுவில் ஒரு வயல் கிடக்கும். அந்த வீட்டில் ஓர் அம்மாள் தனியாக இருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். ஒரு புதன்கிழமை மாலை மழைக்கோட்டோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "வெள்ளிக்கிழமை பெரிய காற்று வருகிறதாம். விறகு உள்ளே இருக்கிறதா? தண்ணீர் பிடித்து வைத்தீர்களா?" என்று கேட்டார். என் மகள் சிரித்துக்கொண்டே, "நாளைக்குப் பார்த்துக்கொள்கிறோம்" என்றாள். அந்த அம்மாள் ஐரிஷ் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் அர்த்தமும் சொன்னார்: "காற்றடிக்கும் நாள் குச்சி செருகும் நாள் இல்லை."

என்ன குச்சி என்று நான் கேட்டேன். பழைய ஐரிஷ் கிராமத்து வீட்டுக்கு வைக்கோல் அல்லது நாணல் கூரைதான். வேய்ந்த கூரை பறந்துவிடாமல் இருக்க, ஹேசல் அல்லது வில்லோ மரத்தின் மெல்லிய குச்சியை முறுக்கி, கொண்டை ஊசி மாதிரி வளைத்துக் கூரையில் செருகுவார்கள். அதற்கு 'ஸ்கொலப்' என்று பெயர். இந்தக் குச்சியை முன்கூட்டியே வெட்டிச் சீவி வைத்திருக்க வேண்டும். காற்று கூரையைப் பிய்க்கத் தொடங்கிய பிறகு ஏணியில் ஏறினால், கூரையோடு ஆளும் போய்விடுவார். நாம் "வெள்ளம் வருமுன் அணை போடு" என்கிறோமே, அதேதான். நமக்குத் தண்ணீர் பயம், அவர்களுக்குக் காற்று பயம்.

இந்தக் காற்று பயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1839 ஜனவரி 6ஆம் தேதி இரவு அயர்லாந்தில் ஒரு பயங்கரப் புயல் அடித்தது. அதற்கு 'பெருங்காற்று இரவு' என்றே பெயர். ஆயிரக்கணக்கான வீடுகளின் கூரை போனது. எழுபது ஆண்டுகள் கழித்து அந்த இரவு வேறு விதமாகப் பயன்பட்டது. 1909இல் எழுபது வயதானவர்களுக்கு அரசு முதியோர் ஓய்வூதியம் கொடுக்க ஆரம்பித்தது. ஆனால் அயர்லாந்தில் எல்லாருடைய பிறப்பையும் பதிவு செய்யத் தொடங்கியதே 1864இல்தான். கிழவர் கிழவிகளிடம் ஏது சான்றிதழ்? "பெருங்காற்று அடித்த இரவு எனக்கு நினைவிருக்கிறது" என்று சொல்லித்தான் பலர் தங்கள் வயதை நிரூபித்தார்கள். நம் பாட்டிமார், "பெரிய புயல் வந்த வருஷம் நான் கைக்குழந்தை" என்று சொல்வதில்லையா? அதற்கு அங்கே வாராவாரம் பணமே கிடைத்தது!

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்று 24ஆம் தேதி. வந்த புயலுக்கு 'எயோவின்' என்று பெயர். நாடு முழுவதும் சிவப்பு எச்சரிக்கை. விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த வீடு நடுங்கியதை நான் மறக்க மாட்டேன். கால்வே கடற்கரையில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் காற்று பதிவானது. அந்த நாட்டில் அதுவரை பதிவானவற்றிலேயே அதுதான் அதிகம். ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் பண்ணைகளிலும் மின்சாரம் போனது. சில இடங்களில் இரண்டு வாரத்துக்கு மேல் வரவில்லை.

என் மகள் வீட்டில் எல்லாமே மின்சாரம். அடுப்பு மின்சாரம், வெந்நீர் மின்சாரம், கிணற்று மோட்டாரும் மின்சாரம். கரண்ட் போனதும் சமையல் இல்லை, சூடு இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. வெளியே உறைய வைக்கும் குளிர். நம் ஜெனரேட்டர் பத்து நிமிஷம் தாமதமானால் குழுவில் எத்தனை செய்தி வருகிறது என்பதை அன்று நினைத்துக்கொண்டேன்.

காற்று அடங்கியதும் அந்த அம்மாள் வயலைத் தாண்டி வந்தார். இந்த முறையும் உள்ளே வரவில்லை. "கிளம்புங்கள், என் வீட்டுக்கு" என்றார். அவர் வீட்டுச் சமையலறையில் பெரிய இரும்பு அடுப்பு ஒன்று இருந்தது. அதில் 'டர்ஃப்' எரிந்துகொண்டிருந்தது. சதுப்பு நிலத்தில் செங்கல் மாதிரி வெட்டி எடுத்து, வெயிலிலும் காற்றிலும் காய வைத்த மண்கட்டி அது. விறகு போலவே எரியும். மூலையில் நான்கு வாளித் தண்ணீர், மேசைமேல் மெழுகுவத்தி. அதாவது, அவர் குச்சியெல்லாம் முன்பே சீவி வைத்துவிட்டார். அங்கே எட்டு நாள் இருந்தோம். நான் ரசம் வைத்தேன். அவர் ரொட்டி சுட்டார். அவருக்கு ரசம் கொஞ்சம் காரம், ஆனாலும் குடித்தார்.

மூன்றாம் நாள், "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுக்கிறோம்" என்று சொன்னேன். அவர் பதிலாகச் சொன்னது, என் காதில் விழுந்தபடி: "எர் ஸ்கா அ கேலா அ வாரன் நா தீனா." ஒருவர் நிழலில் ஒருவர் வாழ்கிறோம் என்று அர்த்தம். அயர்லாந்தில் மிகவும் பேர்போன பழமொழி இது. 'ஸ்கா' என்ற சொல்லுக்கு நிழல் என்றும் பொருள், அடைக்கலம் என்றும் பொருள். இதை ஆங்கிலத்தில் எனக்கு விளக்க அவர் கஷ்டப்பட்டார். நிழலா, பாதுகாப்பா, எந்தச் சொல்லைப் போடுவது என்று தடுமாறினார். எனக்கோ விளக்கமே தேவைப்படவில்லை. "உங்க நிழல்ல ஒதுங்கியிருக்கோம்" என்று நாம் சொல்வதில்லையா? அதே சொல், அதே இரண்டு பொருள்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பழமொழிக்கு ஐரிஷில் 'ஷானோக்கல்' என்கிறார்கள். 'ஷான்' என்றால் பழைய. 'ஃபொக்கல்' என்றால் சொல். பழஞ்சொல், பழமொழி. நாம் எப்படிப் பெயர் வைத்தோமோ, அப்படியே அவர்களும் வைத்திருக்கிறார்கள்.

இந்த 'நிழல்' பழமொழியைக் கேட்டால் ஏதோ உபதேசம் மாதிரி இருக்கும். அதன் பின்னால் இருப்பது நடைமுறைக் கணக்கு. 'மெஹல்' என்று ஓர் ஏற்பாடு அந்தக் கிராமங்களில் இருந்தது. வைக்கோல் சேர்க்க, கதிர் அடிக்க, டர்ஃப் வெட்ட ஒரு வீட்டாரால் மட்டும் முடியாது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஒரு நாள் ஒரு வீட்டுக்கு வருவார்கள், இன்னொரு நாள் இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. வர முடியாத விதவை வீட்டுக்கும், நோயாளி வீட்டுக்கும் வேலை நடந்துவிடும். காசு புழங்காத ஊரில் ஒரு நாள் உழைப்புதான் நாணயம். எந்த வேலைக்கும் பக்கத்து வீட்டான் வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்ன சொல் அது.

பக்கத்து வீட்டார் வேண்டும் என்றால் வாயையும் அடக்க வேண்டும் அல்லவா? அதற்கும் பழமொழிகள் வைத்திருக்கிறார்கள். "மூடிய வாய் இனிய வாய்" என்று ஒன்று. "எத்தனையோ பேர் மூக்கை அவரவர் வாயே உடைத்திருக்கிறது" என்று இன்னொன்று. "நல்ல வார்த்தை சொல்லி யார் பல்லும் உடைந்ததில்லை" என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் நம் வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் போடலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்தார், பதில் சொல்லவில்லை. மூடிய வாய் இனிய வாய்!

மாலை நாலரைக்கே இருட்டத் தொடங்கிவிடும். டிவி இல்லை, போன் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் சொல்ல, நாங்கள் கேட்டோம். பழைய நாளில் இப்படித்தான், குளிர்கால இரவுகளில் ஏதாவது ஒரு வீட்டு அடுப்பைச் சுற்றி ஊரே கூடிக் கதை பேசுவார்களாம். மாடுதான் அந்தச் சொற்களில் அதிகம். "தூரத்து மாட்டுக்குக் கொம்பு நீளம்" என்பார்கள். நம் "இக்கரைக்கு அக்கரை பச்சை"தான். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய பிள்ளைகளைப் பார்த்து எத்தனை தாய்மார் இதைச் சொல்லியிருப்பார்கள்! "ஆரோக்கியம் மந்தையைவிட மேல்" என்று ஒன்று. மாட்டு மந்தைதான் அங்கே சொத்து.

மாட்டை வைத்து ஒரு கதையும் சொன்னார். ஒரு வரிப்பசு இருந்ததாம். மார்ச் மாதம் முடியும் நேரத்தில் அது, "குளிர்காலம் போயிற்று. இந்த மார்ச் மாதத்தால் என்னைக் கொல்ல முடிந்ததா?" என்று பெருமை அடித்துக்கொண்டதாம். மார்ச்சுக்குக் கோபம் வந்துவிட்டது. ஏப்ரலிடம் போய் மூன்று நாள் கடன் வாங்கி, அந்த மூன்று நாளும் குளிரை அள்ளிக் கொட்டி, பசுவைக் கொன்றே விட்டது. அதனால் ஏப்ரல் தொடக்கத்தில் குளிர் திரும்பினால் அதற்கு 'வரிப்பசுவின் நாட்கள்' என்று பெயர். கதை சிறியதுதான். ஆனால் தீவனம் தீர்ந்துபோய், புல் இன்னும் முளைக்காத அந்தச் சில நாட்களில்தான் இளைத்த மாடுகள் சாகும். அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் சொன்ன கதை.

எல்லாப் பழமொழியும் சிரிக்க வைப்பதில்லை. "வயிறு நிறைந்தவனுக்கு ஒட்டிய வயிறு புரியாது" என்று ஒன்று சொன்னார். 1845இல் அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகள் அதை மட்டுமே நம்பியிருந்தார்கள். அடுத்த ஏழு ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள். அதைவிடக் குறையாத எண்ணிக்கையில் கப்பல் ஏறினார்கள். அந்த நாட்களிலும் தானியம் நாட்டைவிட்டு ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சரித்திரம் தெரிந்த வீட்டில் உட்கார்ந்து இந்தப் பழமொழியைக் கேட்டால், அது வேறு மாதிரி ஒலிக்கிறது.

பஞ்சத்தில் அதிகம் செத்ததும், ஊரைவிட்டு அதிகம் போனதும் ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதி ஏழைகள். மொழியும் அவர்களோடு போனது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம்தான். பல இடங்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அவன் ஐரிஷில் ஒரு வார்த்தை பேசினால் குச்சியில் ஒரு வெட்டு. மாலையில் வெட்டுகளை எண்ணி அடி. இதற்குப் பெற்றோர்களே உடன்பட்டார்கள் என்பதுதான் வருத்தம். கப்பல் ஏறப்போகிற பிள்ளைக்கு ஆங்கிலம்தானே சோறு போடும் என்று நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளிலும், "ஸ்கூல்ல தமிழ் பேசினா ஃபைன் போடறாங்கம்மா" என்று குழந்தைகள் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பழமொழிகள் எப்படி மிஞ்சின? நான் உங்களிடம் சொல்ல வந்தது இதைத்தான்.

1935இல் ஐரிஷ் அரசு நாட்டுப்புற வழக்காறுகளைத் திரட்ட ஓர் ஆணையம் அமைத்தது. கிராமம் கிராமமாகப் போய் எழுத அவர்களிடம் ஆள் போதவில்லை. அப்போது ஓர் எளிய யோசனை பிறந்தது. 1937 முதல் 1939 வரை, ஆரம்பப் பள்ளிகளின் பெரிய வகுப்புப் பிள்ளைகள், பதினொன்று முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்கள், கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாக வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடமும் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதி வர வேண்டும். பழமொழி, வானிலைக் குறி, கைவைத்தியம், விளையாட்டு, வெண்ணெய் கடைவது, பேய்க் கதை என்று ஆசிரியர்களுக்குத் தலைப்புகள் கொண்ட கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். சுமார் 5,000 பள்ளிகளில் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். இரண்டே ஆண்டுகளில் லட்சக்கணக்கான பக்கங்கள் சேர்ந்தன. அவை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பத்திரமாக இருக்கின்றன. ஆணையத்தின் தொகுப்பை 2017இல் யுனெஸ்கோ 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தது.

எட்டாம் நாள் கரண்ட் வந்தது. அந்த அம்மாள், "என் அம்மாவும் பள்ளியில் எழுதினார், 1938இல். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. ஆனால் நான் பார்த்ததில்லை" என்று சொல்லியிருந்தார். அந்தப் பக்கங்கள் எல்லாம் இப்போது 'தூகஸ்' என்ற இணையதளத்தில் இருக்கின்றன. மாவட்டம், ஊர், பள்ளி என்று தேடலாம். என் மகள் லேப்டாப்பில் தேடினாள். அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. கோடு போட்ட தாளில் உருண்டை எழுத்து. பழமொழிகள் இருபத்திரண்டு. கடைசியில், சொன்னவர் பாட்டி, வயது 79 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது.

அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். ஒன்பதாவது வரியில், காற்றடிக்கும் நாள் குச்சி செருகும் நாள் இல்லை. எங்களிடம் வாசலில் நின்று சொன்ன அதே சொல். யோசித்துப் பாருங்கள். 1859 வாக்கில் பிறந்த ஒரு பாட்டி சொன்னதை ஒரு பள்ளிச் சிறுமி எழுதி வைத்தாள். அவள் மகள் அதை வாயால் சொன்னார், எங்கள் வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லி.

அந்தக் கையெழுத்துப் பக்கங்களை இப்போது உலகெங்கும் இருந்து ஆர்வலர்கள் கணினியில் தட்டச்சு செய்து கொடுக்கிறார்கள், காசு வாங்காமல். அந்தக் குழுவுக்கு என்ன பெயர் தெரியுமா? 'மெஹல்'தான். வைக்கோல் சேர்க்கக் கூடிய அதே பெயர்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மா ஒரு நாளைக்கு இருபது பழமொழி சொல்வார். அரிசி களையும்போது ஒன்று, யாராவது வீண் பெருமை பேசினால் ஒன்று, என் தம்பி சோம்பிக் கிடந்தால் ஒன்று. புத்தகத்தில் இருப்பவை எனக்கும் தெரியும். அவர் ஊருக்கே உரியவையும் சில இருந்தன. அரிசி களையும்போது சொல்வாரே, அதன் தாளம் மட்டும் நினைவிருக்கிறது. சொல் போய்விட்டது. அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவரிடம் அதை எழுதி வாங்க எனக்கு நாற்பது வருஷ அவகாசம் இருந்தது. அப்போதெல்லாம் காற்று அடிக்கவில்லை, குச்சி எதற்கு என்று இருந்துவிட்டேன்.

இப்போது என் வேண்டுகோள்.

நம் குடியிருப்பில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று மாலையில் பூங்கா பெஞ்சில் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊர்க்காரர். பிள்ளைகளோடு இருக்க வந்து, பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பவர்களும் அவர்களில் உண்டு. நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை வருகிறது. சங்க அறையில் கோடு போட்ட நோட்டுகள் வாங்கி வைத்திருக்கிறேன். பத்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதட்டும். சொந்தத் தாத்தா பாட்டி இல்லாத பிள்ளை அடுத்த பிளாக்கில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளட்டும்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் எழுதினால் போதும். சொல் என்ன, சொன்னவர் எந்த ஊர், எந்தச் சமயத்தில் சொல்வார்கள். மூன்றாவதுதான் முக்கியம். குச்சியும் கூரையும் தெரியாமல் அந்தக் காற்றுப் பழமொழியைக் கேட்டிருந்தால் எனக்கு ஒன்றுமே புரிந்திருக்காது. தமிழ் எழுத வராத பிள்ளைகள் போனில் பதிவு செய்து வரட்டும், எழுதித் தர நான் இருக்கிறேன். வேறு யாராவது கூட வந்தால் நம் மெஹலும் தயார்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எனக்கு என்னம்மா தெரியும்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சிறுமியின் பாட்டியும் முதலில் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

நோட்டு வேண்டுவோர் ஞாயிறு காலை சங்க அறைக்கு வாருங்கள். டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள்.